கன்னு வீசின மாடும் விட்டு விட்டு வர்ற காய்ச்சலும்

வாசகி கேள்வி: சார் வணக்கம். நாங்க ஈரோடு மாவட்டம், அஞ்சு மாடு வெச்சு சொசைட்டிக்கு பால் ஊத்துறோம். சந்தைல வாங்கின ஜெர்சி கிராஸ் மாடு ஒண்ணு ஏழாம் மாச செனைலயே கன்னு வீசிருச்சு, அதாவது குறை மாசத்துல கன்னு விழுந்துருச்சு, நஞ்சுக்கொடியும் விழல, வீட்டுக்காரர்தான் கைய விட்டு எடுத்தார். ஒரு மாசம் கழிச்சு அவருக்கு காய்ச்சல் ஆரம்பிச்சுது. டைபாய்டுன்னு சொல்லி ரெண்டு தடவ ஊசி கோர்ஸ் போட்டாச்சு, ஒரு வாரம் நல்லா இருக்கார், திரும்ப வருது. மூணு மாசமா இதே கதைதான். சாயங்காலம் குளிர், ராத்திரி பனியன் நனையுற அளவுக்கு வேர்வை, இடுப்பு வலி, எட்டு கிலோ எறங்கிட்டார். விதைப்பை ஒரு பக்கம் வீங்கியிருக்கு, அத டாக்டர்கிட்ட சொல்ல கூச்சப்படறார். எங்க அத்தை அவர் சோம்பல்ல படுத்திருக்கார்னு நினைக்கிறாங்க. போன வாரம் இன்னொரு மாடும் கன்னு வீசிருச்சு. நான் நாலு மாசம் முழுகாம இருக்கேன். மாட்டுலேர்ந்து மனுசனுக்கு காய்ச்சல் வருமா? பால் குடிக்கலாமா? அந்த மாட்ட வித்துறலாமா? அஞ்சு மாச கிடேரி கன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு என்ன பண்றது? வேற என்ன நோயெல்லாம் ஒட்டும்?

கால்நடை மருத்துவர் பதில்:

சகோதரி, மாட்டப் பத்தி அப்புறம் பேசிக்கலாம், முதல்ல உங்க வீட்டுக்காரரை நாளைக்கே கூட்டிட்டு கிளம்புங்க. பக்கத்துல இருக்கிற மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு போங்க, இல்லன்னா எம்டி படிச்ச பொது மருத்துவர் யாராவது ஒருத்தர்கிட்ட போங்க. போய் உக்காந்ததும் காய்ச்சல்னு மட்டும் சொல்லி நிறுத்தாதீங்க. "நாங்க மாடு வெச்சிருக்கோம், ஒரு மாடு கன்னு வீசுச்சு, இவர் வெறுங்கையால நஞ்ச எடுத்தார், அதுக்கு ஒரு மாசம் கழிச்சுதான் காய்ச்சல் ஆரம்பிச்சுது, இப்ப ரெண்டாவது மாடும் வீசிருச்சு, புருசெல்லா டெஸ்ட் பண்ணிப் பாருங்க டாக்டர்"னு சொல்லுங்க. பதட்டத்துல மறந்துருமோன்னு இருந்தா ஒரு பேப்பர்ல எழுதியே குடுத்துருங்க. மூணு மாசமா உங்க வீட்டுல யாரும் டாக்டர்கிட்ட சொல்லாத விஷயம் இதுதான்னு உங்க கடிதத்தப் படிச்சா தெரியுது, அதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல. மாட்டு டாக்டர் மாட்ட பார்த்துட்டு போயிடுறார், மனுச டாக்டர் மனுசன பார்க்குறார், ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்ல, நடுவுல இருக்கிற நீங்கதான் அங்க நடந்தத இங்க வந்து சொல்லியாகணும்.

நான் கால்நடை டாக்டர், மனுசங்களுக்கு மருந்து எழுத எனக்கு உரிமை இல்ல, கடிதத்த மட்டும் வெச்சு இதுதான் நோய்னு அடிச்சு சொல்லவும் மாட்டேன். ஆனா நீங்க எழுதியிருக்கிறத பார்த்தா, மாடு மேய்க்கிறவங்க, பால் கறக்குறவங்க, சினை ஊசி போடறவங்க, கறி வெட்டுறவங்க, எங்கள மாதிரி கால்நடை டாக்டருங்க, இவங்களுக்கெல்லாம் தொழில் வழியா வர்ற, புருசெல்லாங்கிற கிருமியால உண்டாகுற புருசெல்லோசிஸ் காய்ச்சல் மேல எனக்கு பலமா சந்தேகம் வருது. மாட்டுக்கு வந்தா இதையே கன்று வீச்சு நோய்னு சொல்லுவோம். அஞ்சு மாசத்துக்கு மேல செனையா இருக்கிற மாடு திடீர்னு கன்ன வீசிரும், நஞ்சு சரியா விழாது, கைல எடுத்தவங்களுக்கு தெரியும், அந்த நஞ்சு வழக்கம்போல வழவழன்னு இருக்காது, தோல் மாதிரி தடிச்சுப் போய் மஞ்சளும் பழுப்பும் கலந்து அழுகின நிறத்துல இருக்கும். உங்க வீட்டுக்காரர்கிட்ட அப்படி இருந்துச்சான்னு கேட்டுப் பாருங்க.

இந்த கிருமிக்கு செனை மாட்டோட கர்ப்பப்பைதான் ரொம்ப பிடிச்ச இடம், அங்க எரித்ரிட்டால்னு ஒரு சர்க்கரைப் பொருள் இருக்கு, அத தின்னு கோடிக்கணக்குல பெருகும். அதனால வீசின கன்னு, நஞ்சு, அதோட வர்ற தண்ணி இது மூணுலயும் இருக்கிற அளவுக்கு கிருமி வேற எங்கயும் இருக்காது. நம்ம கைல கதிர் அறுத்த கீறல், நகக்கண்ணுல வெடிப்பு, ஏதாவது ஒண்ணு எப்பவும் இருக்கும், அது வழியா உள்ள போயிரும், தண்ணி தெறிச்சா கண்ணு வழியாவும் போகும், கொட்டகைய கூட்டும்போது தூசில மூச்சு வழியாவும் போகும். உள்ள போனதும் உடனே காய்ச்சல் வராது, ரெண்டுலேர்ந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு மாசக்கணக்குல கூட ஆகும், அதுக்குள்ள மாடு வீசினதே வீட்டுல மறந்து போயிருக்கும்.

டைபாய்டு ஊசி போட்டதும் நல்லாயிட்டு திரும்ப வருதேன்னு எழுதியிருக்கீங்க. இந்த கிருமி ரத்தத்துல சும்மா மிதந்துட்டு இருக்காது, நம்ம உடம்புல கிருமிய பிடிச்சு அழிக்கிற வெள்ளணுக்களுக்குள்ளயே போய் ஒளிஞ்சுக்கும், கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜைன்னு எல்லா இடத்துலயும் பதுங்கும். பத்து நாள் ஊசி போட்டா வெளிய இருக்கிறது அடங்கும், காய்ச்சல் விடும், ஊசிய நிறுத்தினதும் உள்ள இருக்கிறது கிளம்பி வரும். அலை மாதிரி ஏறி இறங்குற காய்ச்சல்னு பழைய புத்தகங்கள்ல எழுதி வெச்சதும் இதப் பார்த்துத்தான். டைபாய்டுன்னு முடிவு பண்ண விடால் டெஸ்ட் ஒண்ணு எடுத்திருப்பாங்க, நம்ம நாட்டுல பல பேருக்கு டைபாய்டு இல்லாமலே அந்த டெஸ்ட் லேசா பாசிட்டிவ் காட்டும், அது ஒண்ண மட்டும் வெச்சு திரும்பத் திரும்ப டைபாய்டு மருந்து குடுக்கிறது சரியில்ல, மூணாவது தடவ காய்ச்சல் வந்தா வேற எதுன்னு தேடணும்.

என்ன டெஸ்ட்னு டாக்டர் முடிவு பண்ணுவார், இருந்தாலும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ரோஸ் பெங்கால்னு ஒரு டெஸ்ட், ஒரு சொட்டு ரத்த சீரத்துல ஊதா கலந்த சிவப்பு சாயம் ஏத்தின திரவத்த கலந்தா, பாசிட்டிவா இருந்தா சில நிமிசத்துல திரி திரியா கட்டும், செலவு கம்மி. அதுல பாசிட்டிவ்னா எஸ்ஏடின்னு ரத்தத்துல இருக்கிற எதிர்ப்புப் பொருளோட அளவு பார்க்குற டெஸ்ட்டும் எலைசான்னு இன்னொரு ரத்த டெஸ்ட்டும் பண்ணுவாங்க, காய்ச்சலோட எஸ்ஏடி 1:160 இல்ல அதுக்கு மேல வந்தா பெரும்பாலும் நோய்னு எடுத்துக்குவாங்க. ரத்தத்த கல்ச்சர் பண்ணா கிருமியவே பிடிச்சுரலாம், ஆனா இது மெதுவா வளர்ற கிருமி, லேப்புக்கு முன்கூட்டியே சொல்லணும், ஏன்னா லேப்ல வேலை பார்க்குறவங்களுக்கே தொத்துற கிருமிகள்ல இதுக்குத்தான் முதல் வரிசை. இடுப்பு வலி இவ்வளவு இருக்கிறதால ஸ்கேன் கேட்பாங்க, எம்ஆர்ஐ கூட எடுக்கச் சொல்லலாம், முதுகெலும்புலயும் இடுப்பெலும்பு சேர்ற இடத்துலயும் இது போய் உக்காரும், பார்க்க எலும்பு டிபி மாதிரியே இருக்கும், அதனால டிபி இல்லன்னு உறுதி பண்ணிக்கிறதும் ரொம்ப முக்கியம்.

நோய் உறுதியானா மருந்து இருக்கு, விலையும் அதிகமில்ல, முழுசா குணமாகுற நோய்தான். ஆனா ரெண்டு விதமான ஆன்டிபயாட்டிக் சேர்த்து குறைஞ்சது ஆறு வாரம் சாப்பிடணும், எலும்புல இறங்கியிருந்தா மூணு மாசமோ அதுக்கு மேலயோ ஆகும். வழக்கமா டாக்ஸிசைக்ளினோட ரிஃபாம்பிசின் குடுப்பாங்க, இல்லன்னா ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி சேர்ப்பாங்க. ரிஃபாம்பிசின் சாப்பிட்டா ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகும், பயந்து நிறுத்திடாதீங்க. நம்ம ஆளுங்க பண்ற தப்பு ஒண்ணுதான், பத்தாம் நாள் காய்ச்சல் விட்டு பசி எடுத்ததும் மிச்ச மாத்திரைய அலமாரில போட்டுருவாங்க, அப்படி விட்டா ரெண்டு மாசத்துல திரும்ப வரும், அப்ப இன்னும் கஷ்டம். ஒழுங்கா சாப்பிட்டவங்களுக்கே நூத்துல அஞ்சு பத்து பேருக்கு திரும்ப வர்றது உண்டு, அதனால மருந்து முடிஞ்சதுக்கு அப்புறமும் டாக்டர் சொல்ற தேதிக்கு போய் காட்டணும். மெடிக்கல் ஷாப்ல நீங்களா டாக்ஸிசைக்ளின் மட்டும் வாங்கி சாப்பிட வேண்டவே வேண்டாம், ஒத்த மருந்துல இது அடங்காது.

விதைப்பை வீக்கத்த டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும். கூச்சம் எனக்கு புரியுது, ஆனா புருசெல்லா வந்த ஆம்பளைங்களுக்கு விதை வீங்குறது டாக்டர்கள் அடிக்கடி பார்க்குற அறிகுறி, அத சொன்னா அவரே சந்தேகத்த இந்தப் பக்கம் திருப்புவார், சொல்லாம விட்டா முக்கியமான துப்ப மறைச்ச மாதிரி ஆயிரும். தம்பி, நீங்களே இத படிச்சீங்கன்னா, டாக்டர் ரூம்ல மனைவிய வெளிய உக்கார வெச்சுட்டு நீங்க மட்டும் தனியா கூட சொல்லலாம். இன்னொண்ணும் சொல்லிருறேன், இந்த நோய் ஒரு ஆள்கிட்டேர்ந்து இன்னொரு ஆளுக்கு தொத்துறது ரொம்ப ரொம்ப அபூர்வம், ஒரே தட்டுல சாப்பிட்டா, பக்கத்துல படுத்தா வராது, ஆனா விந்து வழியா பரவினதா சில பதிவுகள் இருக்கு, அதனால மருந்து முடிஞ்சு டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் ஆணுறை போட்டுக்கிறது நல்லது, அதுவும் நீங்க மாசமா இருக்கிற நேரம்.

அத்தைகிட்ட இத படிச்சுக் காட்டுங்க. காலைல பார்க்க ஆளு நல்லாத்தான் இருப்பாரு, சாயங்காலம் ஆனா சுருண்டுருவாரு, எழுந்து நிக்கவே தெம்பு இருக்காது, மனசும் சோர்ந்து போகும், எதுலயும் நாட்டம் இருக்காது, இதெல்லாம் இந்த நோயோட குணம். 1918ல அமெரிக்காவுல ஆலிஸ் எவன்ஸ்னு ஒரு அம்மா மாட்டுல கன்னு வீச வைக்கிற கிருமியும் மனுசனுக்கு காய்ச்சல் தர்ற கிருமியும் நெருங்கின சொந்தம்னு எழுதினாங்க, பால சூடாக்கித்தான் விக்கணும்னும் சொன்னாங்க, பெரிய பெரிய ஆளுங்களே நம்பல. 1922ல ஆராய்ச்சிக்கூடத்துல அதே கிருமி அவங்களுக்கே ஒட்டிருச்சு, வருசக்கணக்கா காய்ச்சலும் வலியுமா கிடந்தாங்க, ஆரம்பத்துல அத நரம்புத் தளர்ச்சின்னு சொல்லி ஒதுக்கிட்டாங்க. கிருமிய கண்டு எழுதின விஞ்ஞானியவே நம்பாத உலகம் பால் கறக்குற மனுசனையா நம்பிரும், அதனாலதான் சொல்றேன், வீட்டுல இருக்கிறவங்களாவது நம்புங்க. மூணு மாசமா இந்த உடம்போட அவர் கொட்டகைக்கு போயிட்டு வந்திருக்காரே, அதுவே பெரிய விஷயம்.

இப்ப உங்க உடம்பு. நீங்களும் ரத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணிக்கணும், காய்ச்சல் இல்லன்னாலும் பண்ணிக்கோங்க, அதே கொட்டகைல அதே மாடுங்கள நீங்களும் தொட்டிருக்கீங்க. மாசமா இருக்கிற பொண்ணுங்களுக்கு இது வந்தா கரு கலையற ஆபத்து இருக்கு, சீக்கிரம் கண்டுபிடிச்சு மருந்து எடுத்தா குழந்தைய காப்பாத்தலாம். எந்த டாக்டர்கிட்ட போனாலும் முழுகாம இருக்கேன்னு முதல் வார்த்தையா சொல்லிருங்க, ஏன்னா உங்க வீட்டுக்காரருக்கு குடுக்கிற டாக்ஸிசைக்ளின் உங்களுக்கு குடுக்கக் கூடாது, வேற மருந்து இருக்கு. பிள்ளை பொறக்குற வரைக்கும் கன்னு வீசின மாடு, ஈனுற மாடு, அது படுத்த இடம், வடியற அழுக்கு எதுவும் உங்க கைல படவே கூடாது. சாணி அள்ளுறது, கொட்டகை கழுவுறது வேற யாராவது செய்யட்டும். வீட்டுல வேற ஆளே இல்லன்னு சொல்லுவீங்க, தெரியும், இருந்தாலும் இந்த அஞ்சு மாசத்துக்கு கூலிக்காவது ஆள் வெச்சு, அவங்களுக்கும் கையுறையும் பூட்ஸும் வாங்கிக் குடுங்க. சின்ன பிள்ளைங்கள கொட்டகைக்குள்ள விடாதீங்க. அன்னைக்கு நஞ்சு எடுக்கும்போது கூட நின்னு பிடிச்சவங்க யாரா இருந்தாலும் அவங்களையும் டெஸ்ட்டுக்கு அனுப்புங்க.

பால் விஷயம். நல்லா பொங்கி வர்ற அளவுக்கு காய்ச்சின பால்ல இந்த கிருமி உயிரோட இருக்காது, காய்ச்சின பால்ல போட்ட தயிர், மோர் எல்லாம் பயமில்லாம சாப்பிடலாம். பச்சைப் பால்தான் ஆபத்து, மடிலேர்ந்து நேரா குழந்தை வாய்ல பீச்சி விடுறது, நுரையோட ஒரு டம்ளர் குடிச்சா பலம்னு குடிக்கிறது, காய்ச்சாத பால்ல டீ கலக்குறது எல்லாத்தையும் அடியோட விடுங்க. ஆட்டுப்பால பச்சையா குடிச்சா நெஞ்சு சளிக்கு நல்லதுன்னு குடுக்கிறவங்க இருக்காங்க, வெள்ளாடு செம்மறில இருக்கிற புருசெல்லா வகை மாட்டோடத விட மனுசன இன்னும் கடுமையா தாக்கும். இந்த கிருமியவே முதல்ல கண்டுபிடிச்சது மால்டா தீவுல செத்துப் போன பிரிட்டிஷ் சோல்ஜர்களோட மண்ணீரல்லதான், 1887ல டேவிட் புரூஸ்னு ஒரு ராணுவ டாக்டர் கண்டுபிடிச்சார், ஆனா எங்கேர்ந்து வருதுன்னு தெரிய இன்னும் பதினெட்டு வருசம் ஆச்சு, 1905ல தெமிஸ்டோக்ளிஸ் ஜமிட் அந்த ஊர் வெள்ளாடுகளோட ரத்தத்த சோதிச்சப்பத்தான் மாட்டிச்சு, அந்த ஆடுங்க பார்க்க கொழுகொழுன்னு ஒரு குறையும் இல்லாம இருந்துச்சு. அடுத்த வருசம் சோல்ஜர்களுக்கு ஆட்டுப்பால நிறுத்தினதும் காய்ச்சல் சடசடன்னு குறைஞ்சுது. மாடு நல்லாத்தான இருக்கு, தீனி தின்னுது, பால் குடுக்குதுன்னு நீங்க நினைக்கலாம், அதனாலதான் இத சொல்றேன். ஒரு தடவ வீசின மாடு அடுத்த தடவ ஒழுங்கா கன்னு போடும், நோய் போயிருச்சுன்னு நினைப்போம், ஆனா பால்லயும் ஈத்துத் தண்ணிலயும் வருசக்கணக்கா கிருமி வந்துக்கிட்டே இருக்கும்.

சொசைட்டிக்கு ஊத்துற பால் பாஸ்சரைஸ் பண்ணித்தான் பாக்கெட்டுக்கு போகுது, அதுல கிருமி செத்துரும். ஆனாலும் வீசின ரெண்டு மாட்டுப் பாலையும் டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் தனியா கறந்து வைங்க, கேன்ல கலக்காதீங்க, பச்சையா கன்னுக்கும் ஊட்டாதீங்க. அக்கம்பக்கத்துல நேரா வாங்குறவங்க இருந்தா, காய்ச்சாம குடிக்காதீங்கன்னு இன்னைக்கே சொல்லிருங்க. வாடிக்கை போயிருமோன்னு பயம் இருக்கும், அதுக்காக சொல்லாம விட்டுறாதீங்க.

விக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம்மா. உங்களுக்கு இந்த மாட்ட வித்தவருக்கு தெரிஞ்சிருந்துச்சோ இல்லையோ, அது உங்க வீட்டுல என்ன பண்ணிருச்சுன்னு பாருங்க, நாளைக்கு இன்னொரு வீட்டுல இன்னொரு மனுசன் இதே மாதிரி நஞ்ச கைல எடுப்பார். தொத்துநோய் இருக்கிற, இருக்குமோன்னு சந்தேகப்படற கால்நடைய சந்தைக்கு கொண்டு போகக் கூடாதுன்னு 2009ல வந்த மத்திய சட்டமே இருக்கு, மாட்டு புருசெல்லோசிஸ் அந்த சட்டத்தோட பட்டியல்ல உண்டு. உங்க ஊர் கால்நடை மருந்தகத்துல சொல்லி அஞ்சு மாட்டுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்க, மாவட்டத்துல இருக்கிற கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பி சோதிப்பாங்க. இப்ப நெகட்டிவ் வந்தாலும் ஒரு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கணும், புதுசா தொத்தினது முதல் டெஸ்ட்ல தெரியாம போகும். கன்னு வீசுறதுக்கு வேற காரணமும் உண்டு, எலிக்காய்ச்சல் கிருமி, சில வைரஸ், பூஞ்சை பிடிச்ச தீனின்னு பல இருக்கு, அதனால டெஸ்ட் பண்ணாம மாட்டு மேல பழி போடவும் வேண்டாம்.

பாசிட்டிவ்னு வந்தா நான் மறைக்காம சொல்லிருறேன், மாட்டுக்கு இத குணப்படுத்துற நம்பகமான மருந்து கிடையாது, ஊசி போட்டு சரி பண்றேன்னு யாராவது வந்தா பணம் குடுக்காதீங்க. பல நாட்டுல அரசாங்கம் நஷ்டஈடு குடுத்து அந்த மாட்ட கழிச்சுருவாங்க, இங்க அந்த பாரம் பெரும்பாலும் மாட்டுக்காரங்க தலைல விழுது, இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், அஞ்சு மாடு வெச்சிருக்கிற குடும்பத்துகிட்ட ரெண்டு மாட்ட ஒதுக்குன்னு சொல்றது எனக்கு லேசா வரல. இருந்தாலும் தனியா கட்டுங்க, தனி தண்ணித் தொட்டி வைங்க, கடைசியா கறங்க, மறுபடி செனைக்கு விடாதீங்க, ஊர் பொலிகாளைகிட்ட எந்த மாட்டையும் கொண்டு போகாதீங்க. மிச்ச மாடுங்களுக்கு சினை ஊசி மட்டும் போதும். அதுக்கு மேல என்ன பண்றதுன்னு உங்க கால்நடை டாக்டரோட உக்காந்து பேசுங்க, காப்பீடு பண்ணியிருந்தா அந்த பேப்பரையும் காட்டுங்க.

நஞ்சு விழலன்னா கைய விட்டு இழுக்கிற பழக்கத்த விடணும். ஈனினதுக்கு அப்புறம் எட்டுலேர்ந்து பன்னெண்டு மணி நேரத்துல தானா விழுந்துரும், விழலன்னா கால்நடை டாக்டர கூப்பிடுங்க, 1962க்கு போன் பண்ணா நடமாடும் வண்டி வரும். தொங்குறதுல கல்லு கட்டி விடுறதும் வேண்டாம். நாங்களே இப்பல்லாம் பலவந்தமா பிரிச்சு எடுக்கிறதில்ல, கர்ப்பப்பை கிழிஞ்சு சீழ் பிடிக்கும். கிட்ட போய்த்தான் ஆகணும்னா சினை ஊசிக்காரங்க போடற தோள் வரைக்கும் வர்ற பிளாஸ்டிக் கையுறை, மூக்கு வாய் மூடின மாஸ்க், கண்ணுக்கு கண்ணாடி, காலுக்கு பூட்ஸ் போட்டுக்கிட்டு போங்க, முடிச்சதும் சோப்பு போட்டு முழங்கைக்கு மேல வரைக்கும் கழுவுங்க.

நம்ம பக்கம் இளங்கொடிய, அதாவது இந்த நஞ்ச, வைக்கோல்ல சுத்தி சாக்குல கட்டி ஆலமரத்துல தொங்க விடுவோம், பால் வடியற மரத்துல கட்டினா மாட்டுக்கு பால் ஊறும்னு நம்பிக்கை. பழக்கத்த நான் குறை சொல்ல வரல, நல்லா ஈனின மாடா இருந்தாலும் கையுறை போட்டுத்தான் கட்டணும், கன்னு வீசின மாட்டோடத மட்டும் எந்த மரத்துலயும் கட்டாதீங்க, சொட்டுச் சொட்டா வடியும், காக்கா கொத்தும், நாய் இழுத்துட்டு அடுத்த கொட்டகைக்கு போகும், அந்த மரத்தடிலதான் நாலு பேர் உக்காருவாங்க. வீசின கன்னையும் நஞ்சையும் கிணறு, வாய்க்கால் இல்லாத இடமா பார்த்து, நாய் தோண்ட முடியாத அளவுக்கு ஆளுயரக் குழி வெட்டி, மேலயும் கீழயும் சுண்ணாம்பு போட்டு மூடுங்க. ஆனா மாதிரி எடுக்க டாக்டர் வர்றார்னா அதுக்கு முன்னாடி புதைச்சுறாதீங்க, வீசின கன்னோட வயித்துத் தண்ணிலேர்ந்து கிருமிய பிடிக்கிறதுதான் இருக்கிறதுலயே உறுதியான டெஸ்ட், அவர் வர்ற வரைக்கும் நாய் காக்கா அண்டாம மூடி வைங்க. மாடு படுத்த வைக்கோல எரிச்சுருங்க, சாணிய வழிச்சு எடுத்துட்டு அப்புறமா பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்துங்க, அழுக்கு மேலயே ஊத்தினா வேலை செய்யாது. கூரைய கொஞ்ச நாள் திறந்து வெயில் படும்படி விட முடிஞ்சா ரொம்ப நல்லது, வெயில்ல இந்த கிருமி சீக்கிரம் செத்துரும், நிழலும் ஈரமுமா இருக்கிற மூலைல மாசக்கணக்கா கிடக்கும்.

அந்த அஞ்சு மாச கிடேரிக்கு சரியான வயசு இதுதான், விடாதீங்க. நாலுலேர்ந்து எட்டு மாசத்துக்குள்ள இருக்கிற கிடேரி கன்னுக்கு எஸ்19னு தடுப்பூசி, வாழ்நாள்ல ஒரே தடவ. 2019 செப்டம்பர்ல ஆரம்பிச்ச தேசிய கால்நடை நோய் கட்டுப்பாட்டுத் திட்டத்துல கோமாரியோட சேர்த்து இதுக்கும் இலவசமா போடறாங்க, காதுல 12 இலக்க மஞ்ச டேக் போட்டு பதிவு பண்ணிக்குவாங்க. காளைக் கன்னுக்கு போடறதில்ல, செனை மாட்டுக்கு போட்டா கன்னு வீசுற ஆபத்து இருக்கு. ஊசி போடும்போது கன்ன அசையாம பிடிக்கணும், ஆனா அத நீங்க பிடிக்க வேண்டாம், ஏன்னா அது உயிருள்ள கிருமி மருந்து, தப்பித் தவறி மனுசன் கைல குத்திருச்சுன்னா அதுவே காய்ச்சல குடுக்கும், எங்க ஆளுங்க பல பேருக்கு நோய் வந்த வழியே அதுதான். குத்திருச்சுன்னா கழுவிட்டு அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும்.

வேற என்ன ஒட்டும்னு கேட்டதுக்கு சுருக்கமா சொல்றேன். மழைக்காலத்துல மூத்திரமும் சேறும் கலந்து நிக்கிற கொட்டகைல வெறுங்கால்ல, அதுவும் பித்தவெடிப்போட நின்னா எலிக்காய்ச்சல் வரும், திடீர்னு காய்ச்சல், கண்ணு சிவப்பு, கெண்டைக்கால் வலி, அப்புறம் மஞ்சக் காமாலை. ஆரம்பத்துலயே போனா மருந்துல சரியாகும், நாலு நாள் கஷாயம் குடிச்சுட்டு போனா கிட்னியே போயிரலாம். நேத்து வரைக்கும் நல்லா இருந்த மாடு திடீர்னு செத்து மூக்கு, ஆசனவாய் வழியா உறையாத கருப்பு ரத்தம் வந்தா அது அடைப்பான்ங்கிற ஆந்த்ராக்ஸ் நோயா இருக்கலாம், தோல உரிக்கக் கூடாது, அறுக்கக் கூடாது, கறிய பங்கு போடவே கூடாது, மண்ணுல விழுந்த விதைக்கிருமி பல வருசம் உயிரோட இருக்கும், உடனே மருந்தகத்துக்கு சொல்லுங்க. கை கால்ல வட்டமா அரிச்சா படர்தாமரை, கன்னுக்குட்டிலேர்ந்து வந்திருக்கலாம், ரெண்டு பேருக்கும் ஒண்ணா மருந்து போடணும்.

எல்லாத்தையும் விட எனக்கு அதிகமா பயம் தர்றது வெறிநோய். மாடு தீனி எடுக்காம வாய்ல எச்சில் ஒழுக, தொண்டைல ஏதோ சிக்கின மாதிரி கத்திக்கிட்டு நிக்கும், பனங்கொட்டையோ மாங்கொட்டையோ அடைச்சிருச்சுன்னு நினைச்சு வீட்டுக்காரங்க கைய வாய்க்குள்ள விட்டுத் துழாவுவாங்க, நல்ல மனசுல செய்யுறதுதான், ஆனா அந்த எச்சில்ல வெறிநோய் கிருமி இருக்கும், கைல சின்ன கீறல் போதும். நாய் கடிச்சது நீங்க பார்க்காமலே நடந்திருக்கும், கடிச்சு ரெண்டு மூணு மாசம் கூட ஆகியிருக்கலாம். அப்படி நிக்கிற மாட்டோட வாய்ல கைய விடாதீங்க, விட்டுட்டீங்கன்னா ஓடுற தண்ணில சோப்பு போட்டு கால் மணி நேரம் கழுவிட்டு அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரில தடுப்பூசி ஆரம்பிச்சுருங்க, இதுல அறிகுறி வந்ததுக்கு அப்புறம் எந்த டாக்டராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

நாளைக்கு ஆஸ்பத்திரி, நாளை மறுநாள் கால்நடை மருந்தகம். வீட்டுக்காரரோட பழைய டைபாய்டு ரிப்போர்ட், போட்ட ஊசி சீட்டு எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க, முதல் மாடு வீசின தேதி ஞாபகம் இருந்தா அத மேல எழுதி வைங்க. மாட்டு ரிப்போர்ட் முதல்ல வந்துருச்சுன்னா அதோட ஒரு நகல அவர பார்க்குற டாக்டர்கிட்ட குடுங்க, அவர் ரிப்போர்ட் முதல்ல வந்தா அத கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க. ரெண்டும் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்க.